அறுபடாத பதினொரு நாள்

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜாதகம் இரண்டாவதுதான். முதலில் கேட்பது மாப்பிள்ளையின் ஈரல் சீட்டு. எந்த வருஷம் குடிக்க ஆரம்பித்தான், எந்த மாதம் நிறுத்தினான், நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எந்தத் தீபாவளிக்கு மறுபடி தொட்டான், எல்லாம் அதில் இருக்கும். வாய் பொய் சொல்லும், ஈரல் சொல்லாது என்று தரகர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சீட்டுக்காகத்தான் நானும் என் வீட்டுக்காரரும் கோயம்புத்தூர் மண்டல ஈரல் வாசிப்பு மையத்தில் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. நாங்கள் போனது அவர் உயிருக்காக.

அவர் பெயர் பூபதி. திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். நான் தேன்மொழி, அதே ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஒரே மகள் நிவேதா சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள். அவருக்கு வயது நாற்பத்தாறு. அன்றைக்குப் பார்த்தவர்கள் அறுபத்தைந்து என்று சொல்லியிருப்பார்கள். கண் இரண்டும் மஞ்சள், வயிற்றில் தண்ணீர், காலில் வீக்கம், உடம்பு முழுக்க அரிப்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். சொறிந்தால் ரத்தம் வரும் என்று நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பயமா இருக்குதா அம்மணி?” என்று கேட்டார்.

“எனக்கென்னங்க பயம்? ஒரு சொட்டுத் தொடலைன்னு சொன்னது நீங்கதான?”

அப்படிக் குத்தலாகக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் பயத்தில் எனக்கு வாய் அப்படித்தான் போகும்.

பதினாறு வருஷம் குடித்தார். அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். பட்டறையிலிருந்து நேராகக் கடைக்குப் போவார், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து வீட்டு வாசலில் போடுவார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள், நான் பட்டது எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் நிறுத்தினார். ஊரே ஆச்சரியப்பட்டது. நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் நிறுத்தியது நான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவரில் எழுதியிருப்பார்களே, ‘குடியை மறக்க வைக்கும் மூலிகை, குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’ என்று. நான் குழந்தையாக இருந்தபோதிலிருந்து அந்த எழுத்து இருக்கிறது, நம்பர்தான் மாறும். தை மாதத்தில் ஒருநாள் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். கூரியரில் பொடி வந்தது. நான் மாவு மில்காரி. பொடியைக் கையில் எடுத்து முகர்ந்தால் என்ன சரக்கு, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவேன். பச்சிலை வாசனைதான் வந்தது. கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தது, அவருக்குத் தொண்டையில் நெருடிச் சந்தேகம் வரக்கூடாது என்று மில்லிலேயே போட்டு நைஸாக அரைத்துச் சலித்தேன். காலையில் கஞ்சியில் கால் ஸ்பூன், இரவு குழம்பில் கால் ஸ்பூன்.

எட்டாம் நாள் குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் செக்கச்செவேல் என்று சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. மூன்று தடவை அப்படி ஆனது. நான்காவது தடவைக்கு அவர் போகவே இல்லை. நான் அந்த ஆளுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். “நிறுத்திராதீங்கம்மா. ஒரு வேளை விட்டாலும் பழைய குருடி கதவைத் திறடிதான்” என்றான். நான் ஒரு வேளைகூட விடவில்லை.

போன ஆடியில் அவருக்குக் கண் மஞ்சளாகத் தொடங்கியது. திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று பட்டறையில் பேசினார்கள். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் நிவேதா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். பதினாறு வருஷம் கேட்ட காது என்னுடையது, எனக்கும் நம்பிக்கை வரவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். பொடியைக் கால் ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூன் ஆக்கினேன். அன்று காலைக் கஞ்சியிலும் போட்டுத்தான் கூட்டி வந்திருந்தேன். மிச்சப் பொட்டலம் என் கைப்பையில் இருந்தது.

பத்தரை மணிக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். நோயாளியையும் வீட்டாரையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்களாம்.

உள்ளே இருந்த வாசிப்பாளர் பெயர் ஜெசிந்தா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் போல, பேச்சு மெதுவாக இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் விலாவில் ஊசி விட்டு அரிசி அளவு சதை எடுத்தவரும் இவர்தான்.

“மேடம், அம்பதுக்குக் கீழ வந்துருங்களா?” என்று உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

“முதல்ல உக்காருங்கம்மா. அம்பதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“வளர்ப்பு ஈரல் கெடைக்கறதுக்கு அதான் எல்லைன்னாங்க.”

“ஆமா. ஆய்வுக்கூடத்துல வளர்த்து மாசத்துக்கு நாப்பது ஈரல்தான் வருது. கேக்கறவங்க மூவாயிரம் பேர். யாருக்குக் கொடுக்கறது? அதனால போர்டு ஒரு விதி வச்சிருக்கு. ஒருத்தர் தெரிஞ்சே தனக்குப் பண்ணிக்கிட்ட கேடு பாதிக்கு மேல இருந்தா அவருக்குக் கிடையாது. தானா வந்தது, அடுத்தவங்களால வந்தது இதுல சேராது.”

“பரோட்டா தின்னதெல்லாம் சேருங்களா?”

அவர் லேசாகச் சிரித்தார். “கொழுப்பு, சர்க்கரை, வலி மாத்திரை எல்லாத்தையும் பொதுன்னு ஒதுக்கிட்டாங்க. அதையும் சேர்த்தா போர்டுல இருக்கறவங்களுக்கே ஈரல் கிடைக்காது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஈரல் ரொம்பப் பொறுமைசாலிம்மா,” என்றார். “முக்கால்வாசி கெட்டுப்போற வரைக்கும் வாயைத் திறக்காது. அதுவே தன்னைச் சரி பண்ணிக்கப் பார்க்கும். ஆனா எதையும் மறக்காது. ஒவ்வொரு அடிக்கும் உள்ள ஒரு தழும்பு இருக்கும். சட்டி அடிப்பிடிச்சா சுரண்டிப் பார்த்து, இது செவ்வாய்க்கிழமை பால், இது வியாழக்கிழமை குழம்புன்னு உங்களால சொல்ல முடியுமா? இந்த மெஷின் சொல்லும்.”

திரையை என் பக்கம் திருப்பினார். குறுக்கே நீளமாகக் கோடுகள். மேலே சிவப்புக் கோடு, தடிமனாக, பதினாறு வருஷத்துக்கு ஓடியது. பண்டிகை நாட்களில் கொழுத்திருந்தது. பிறகு ஒரு மாசி மாதத்தில் சட்டென்று நின்றுவிட்டது.

“இது சாராயம். நின்னதுக்கு அப்புறம் பாருங்க. ஒன்னுமே இல்லை.”

“ஒன்னுமே இல்லீங்களா?”

“ரெண்டு வருஷம் மூணு மாசமா ஒரு சொட்டுக்கூட இல்லை. சாராயத்தோட பங்கு மொத்தத்துல நாப்பத்தொன்னு.”

அழுதுவிட்டேன். அவர் நிஜம்தான் சொல்லியிருக்கிறார். ஊர் சொன்னது பொய், பட்டறை சொன்னது பொய், நான் மனசுக்குள் சொன்னதும் பொய். அதைவிட நாற்பத்தொன்று என்பது ஐம்பதுக்குக் கீழே. வெளியே ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன்.

“இருங்கம்மா. இன்னும் முடியலை.”

ஜெசிந்தா மேடத்தின் குரல் மாறியிருந்தது. நான் உட்கார்ந்தேன்.

“கொழுப்பு ஒன்பது. வலி மாத்திரை ஆறு, வெல்டர் இல்லையா, உடம்பு வலிக்குப் போட்டிருப்பார். மிச்சம் நாப்பத்துநாலு இது.” சிவப்புக்கு அடியில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினார். “சிவப்பு நிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, தை மாசத்துல ஆரம்பிக்குது. தினம் ரெண்டு வேளை. ஒரு வேளை தவறலை. போன ஆடியிலிருந்து அளவு ரெண்டு மடங்கு ஆகுது. மனுஷன் குடியை நிறுத்தினதும் ஈரல் தேற ஆரம்பிச்சிருக்கணும். இது தேற விடலை. ஏதோ பச்சிலை, அதோட பழைய மாத்திரை ஒன்னைப் பொடிச்சுச் சேர்த்திருக்கு. குடிச்சா வாந்தி வர வைக்கிற மாத்திரை அது. டாக்டர் கொடுத்தா ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பாங்க.” அவர் என்னை நேராகப் பார்த்தார். “வீட்ல சமையல் யாரும்மா?”

நான் கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“மூலிகைதானுங்க மேடம். நானே மோந்து பார்த்தேன். நானே சலிச்சேன்.”

“சலிச்சா கல்லும் தூசியும்தாம்மா போகும்.”

“தொண்டையில நெருடக் கூடாதுன்னு நைஸா வேற அரைச்சேனுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களை மாதிரி மாசத்துக்கு அஞ்சாறு பேர் இந்த நாற்காலியில உக்காருறாங்க. எல்லாரும் நல்ல மனசோட கொடுத்தவங்கதான்.”

“அந்த ஆளு?”

“நம்பரை மாத்தியிருப்பான்.”

என் வீட்டுக்காரர் நிறுத்தியதை நான் கெடுத்திருக்கிறேன். அவர் கண் மஞ்சளானபோது இரண்டு மடங்காகக் கெடுத்திருக்கிறேன். கொன்றுகொண்டிருந்த கையாலேயே அவர் கையைப் பிடித்துச் சொறியாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நாற்காலியிலேயே உயிர் போய்விட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

“தேன்மொழி, நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க,” என்றார் ஜெசிந்தா மேடம். “இது அவருக்குத் தெரியாம நீங்க கொடுத்ததுன்னா இந்த நாப்பத்துநாலு அவர் பங்குல சேராது. நாப்பத்தொன்னுலயே நிப்பார், பட்டியல்ல பேர் ஏறும். ஆனா தெரியாம ஊட்டினது குற்றம். அஞ்சு வருஷம் வரைக்கும் போடறாங்க. கீழ இருந்து போலீஸ்கார அம்மா வருவாங்க, இன்னிக்கே. அவருக்குத் தெரிஞ்சே சாப்பிட்டார்னா உங்க மேல கேஸ் இல்லை. ஆனா நாப்பத்தொன்னும் நாப்பத்துநாலும் எம்பத்தஞ்சு. ஈரல் கிடையாது.”

“அவருக்கு ஒன்னும் தெரியாதுங்க,” என்றேன். யோசிக்கவே இல்லை. “எல்லாம் நாந்தான். எழுதிக்கோங்க.”

“எழுதறேன். ஒரு கேள்வி கேட்டே ஆகணும். இந்த ரெண்டு வருஷத்துல அவரைத் தனியா விட்டுட்டு எங்கயாவது வெளியூர் போய்த் தங்கினீங்களா? போயிருந்தா அந்த நாளெல்லாம் பச்சைக் கோடு அறுந்திருக்கணும். அதுதான் நீங்க கொடுத்ததுக்கு அத்தாட்சி.”

போயிருந்தேன். போன புரட்டாசியில் திண்டுக்கல்லில் என் தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பதினொரு நாள் அங்கேதான் இருந்தேன். நிவேதா ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் அவர் ஒருவர்தான். பொடி ராகி மாவு டப்பாவுக்குள், யார் கண்ணுக்கும் படாமல். பதினொரு நாள் மருந்து விட்டுப்போகிறதே, திரும்பி வருவதற்குள் குடித்துவிடுவாரோ என்று அங்கே ஒரு ராத்திரிகூட நான் சரியாகத் தூங்கவில்லை.

திரையில் புரட்டாசியைத் தேடினேன். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நாளும், இரண்டு வேளையும், அதே அளவில். ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியும். அந்தப் பதினொரு நாளைப் பற்றி நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு ஈரல் இல்லை.

“போகலைங்க மேடம்,” என்றேன். “ஒரு நாள்கூட அவரை விட்டு எங்கயும் போகலை.”

ஜெசிந்தா மேடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

“அவரை உள்ள கூட்டிட்டு வரச் சொல்றேன். அவர் கிட்டயும் கேக்கணும். நீங்க இங்கயே ஓரமா இருக்கலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது. பேசினா வாக்குமூலம் செல்லாது.”

இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. என் பொய்யை நான் பார்த்துக்கொள்வேன். அவர் என்ன சொல்வார்? குடியை விட்ட பிறகு அந்த மனிதர் பொய்யையும் விட்டுவிட்டார். மில்லுக்கு யாராவது போன் செய்தால் ‘அவள் இல்லை’ என்று சொல்லச் சொன்னால்கூட, ‘இருக்கிறாள், பேச மாட்டேன் என்கிறாள்’ என்று சொல்லுகிறவர்.

ஒரு அட்டெண்டர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு முடிவு பாதகம் என்று தோன்றியிருக்க வேண்டும். “பரவால்லை அம்மணி, உடு” என்றார்.

ஜெசிந்தா மேடம் திரையைக் காட்டி எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னார். சாராயம், பச்சைக் கோடு, பொட்டலம். தெரியாது என்றால் என்ன ஆகும், தெரியும் என்றால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டமாம். அவர் மேஜைமேல் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“மேடம், அது வந்துங்க…”

“ஒரு நிமிஷம்,” என்றார் ஜெசிந்தா மேடம். “இன்னும் பதிவு ஆரம்பிக்கலை. எனக்குச் சர்க்கரை. பதினொரு மணி மாத்திரை போடணும், தண்ணி வெளியிலதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதுன்னு விதி. ஞாபகம் வச்சுக்கோங்க.”

எழுந்து போய்க் கதவை நன்றாகச் சாத்திக்கொண்டார். மேஜை ஓரத்தில் தண்ணீர் பாட்டில் நிறையத் தண்ணீரோடு இருந்தது.

நான் அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். “மாமா, நான் திண்டுக்கல் போனப்ப…”

“நாந்தான் போட்டுக்கிட்டேன்.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மொத மாசமே. களி கிண்டலாம்னு மாவு டப்பாவுல கை உட்டேன், பொட்டலம் மாட்டுச்சு. எனக்கோசரம்தான நீ பண்றேன்னு பேசாம இருந்துட்டேன்.”

“அப்பறம் நீங்களே எதுக்குங்க எடுத்துப் போட்டீங்க? நாந்தான் இல்லையே!”

அவர் கையைச் சொறிந்தார். நான் தடுக்கவில்லை. “பயம் அம்மணி. ஊரே குடிக்கிறான் குடிக்கிறான்னு சொல்லுது. நீயும் ஒரு மாதிரி பார்க்கறே. குடிக்காமயே குடிகாரன் பட்டம், அப்பறம் குடிச்சாத்தான் என்னன்னு கை நடுங்கும். பொடி உள்ள போயிருக்குதுன்னு நெனச்சாத்தான் தைரியம் வரும். நானா நிறுத்துனேன்? அதுதான நிறுத்துச்சு.”

“இல்லீங்க. மேடம் சொன்னாங்கல்ல, ஒரு சொட்டு இல்லைன்னு. பொடி வாந்திதான் எடுக்க வெச்சுது. கடைக்குப் போகாம இருந்தது நீங்க. நீங்கதானுங்க நிறுத்துனது.”

அவர் அழுதார். அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நானே சொன்னதில்லை. அதை நினைத்து நானும் அழுதேன். ஆனால் அழுவதற்கு நேரமில்லை.

“தெரியாதுன்னு சொல்லோணும், மாமா.”

“உன்னைய உள்ள போட்டுருவாங்க.”

“அஞ்சு வருஷம். திரும்பி வந்துருவேன். நீங்க போனா வர மாட்டீங்க.”

“உன்னைய மாட்டி உட்டுட்டு நான் பொழைக்கறதா? அதுவும் பொய் சொல்லி? உங்கிட்டச் சொன்ன பொய்யெல்லாம் பத்தாதா?”

“இது ஒன்னே ஒன்னு. பாப்பா கோர்ஸ் முடிச்சு வர்றப்ப வீட்ல யாராச்சும் இருக்கோணும். நாந்தான் செஞ்சேன், நானே போறேன். நீங்க எனக்காகச் செத்தா அதை நான் எங்க கொண்டு போய் வெப்பேன்?”

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மேடம் தன் சொந்த அறைக் கதவைத் தானே தட்டினார். நான் எழுந்து என் ஓரத்துக்குப் போனேன். ஜெசிந்தா மேடம் வந்து உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் பதிவுக்கருவியை அழுத்தினார். வாசலில் காக்கிப் புடவையில் ஒரு அம்மா வந்து நின்றார்.

“பூபதி, உங்க மனைவி உங்க சாப்பாட்டுல ஒரு பொடி கலந்து கொடுத்துக்கிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார், தெரியும் என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பேசக் கூடாது என்பதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் முகம் மாறியது. குடித்த காலத்தில் வாசலில் நின்றுகொண்டு, ‘குடிச்சீங்களா’ என்று நான் கேட்டால், கண்ணை அகல விரித்து, தாடையை ஒரு இழுப்பு மேலே தூக்கி, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ‘நானா?’ என்பார். அந்த முகம். பதினாறு வருஷம் அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இரண்டு வருஷமாக அது இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து, முந்தானை மறைவில் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“பொடியா?” என்றார். “எந்தப் பொடிங்க மேடம்?”